அரியலூர் பஸ்ஸுக்குக் காத்திருந்த பேச்சாளர்

இரண்டு வருடங்களுக்கு முன், பெரம்பலூர் பக்கத்தில் ஒரு இன்ஜினீயரிங் கல்லூரியில் மென்பொருள் கருத்தரங்கு நடந்தது. முதல்முறை மேடையேறுபவர்களுக்குத் துணையாக இருப்பது என் பொறுப்பு. அன்று என்னிடம் வந்தவர் ஜெயங்கொண்டத்து அக்கா ஒருவர். நாற்பது வயதிருக்கும். பார்வையற்றவர்களுக்காக போன் செயலிகள் தமிழைச் சரியாக வாசித்துச் சொல்கின்றனவா என்று வீட்டிலிருந்தே சோதித்துப் பார்க்கும் வேலை அவருக்கு.

காலையில் ஒரு காலி வகுப்பறையில் பேசிப் பார்க்கச் சொன்னேன். உதவுவதாக நினைத்துக்கொண்டு, வாக்கியத்துக்கு வாக்கியம் நிறுத்தினேன். இதை இங்கிலீஷில் சொல்லுங்கள், கையைக் கட்டாதீர்கள், திரையில் இந்தப் படம் வேண்டாம், வேகம் அதிகம். எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். பிறகு, தண்ணீர் குடித்துவிட்டு வருவதாகச் சொல்லிப் போனவர் வரவேயில்லை.

போன் ஸ்விட்ச் ஆஃப். அவர் மேடையேற இன்னும் அரை மணி நேரம்தான் இருந்தது. கேன்டீன், மாடி என்று தேடிவிட்டு கேட்டுக்கு வெளியே ஓடினேன். பஸ் நிறுத்தத்தில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டார்.

"மன்னிச்சுக்கங்க. நீங்க திருத்தத் திருத்த, எனக்குத் தெரிஞ்சதும் மறந்து போச்சுங்க."

எனக்குச் சுருக்கென்றது. எட்டு வருடமாக அந்த வேலையைப் பார்ப்பவர் அவர். அதில் கால்வாசிகூட எனக்குத் தெரியாது. என் முதல் பேச்சில் ஐந்தாவது நிமிடமே மேடையை விட்டு இறங்கி ஓடியதை, யாரிடமும் சொல்லாததை, அவரிடம் சொன்னேன். "இனிமே ஒண்ணும் சொல்ல மாட்டேன்க்கா. முன்வரிசைல உக்காந்திருக்கேன். முடியலைன்னா என்னைப் பாருங்க, நான் வந்து மைக்கை வாங்கிக்கறேன்."

அவர் ஊர்ப் பக்கம் போகும் அரியலூர் பஸ் வந்து நின்றது. அவர் பஸ்ஸைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"தமிழ்லயே பேசட்டுமா?"

தாராளமாக என்றேன். பஸ் கிளம்பிப் போனது.

மேடையில் முதல் இரண்டு நிமிடம் தாளைப் பார்த்தே வாசித்தார்; பின்வரிசைக்குக் கேட்கவில்லை. என்னைப் பார்த்தார். நான் நாற்காலியிலிருந்து பாதி எழுந்தேன். வேண்டாம் என்று லேசாகத் தலையசைத்தவர், தாளை மேஜைமேல் வைத்துவிட்டு, போனை மைக் அருகே பிடித்தார். ஐந்து கி.மீ. என்பதை அது "ஐந்து கி புள்ளி மீ புள்ளி" என்று வாசித்தது. அரங்கமே சிரித்தது. அவரும் சிரித்துவிட்டு, "பார்வையில்லாத ஒருத்தர் வழி கேட்டா, அவருக்குக் கெடைக்கற பதில் இதுதாங்க" என்றார். சிரிப்பு அடங்கிவிட்டது. அதன்பின் இருபது நிமிடம் அவர் என் பக்கம் திரும்பவேயில்லை. எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

இறங்கியதும் கேள்வி கேட்க ஒரு கூட்டமே அவரைச் சூழ்ந்துகொண்டது. அதை விலக்கிக்கொண்டு என்னிடம் வந்து, நல்லவேளை வீட்டுக்குப் போகவில்லை என்றார். நான் நினைத்துக்கொண்டிருந்ததும் அதேதான்.

இப்போதெல்லாம் புதிதாகப் பேச வருபவர்களிடம் என்ன உதவி வேண்டும் என்று முதலில் கேட்டுவிடுகிறேன். அன்று அவர் திரும்பி வராமல் போயிருந்தால், குறை அவரிடம்தான் என்று இன்றுவரை நினைத்துக்கொண்டிருந்திருப்பேன்.