போர்வை மறைவில் ஒரு கேமரா

போன மாதம் ஒரு நாள்... எனக்கு இருப்பே கொள்ளவில்லை.

அருள்புரத்தில் ஒரு சுகாதார மையம். வாராவாரம் அங்கே சர்க்கரை நோயாளிகள் கூட்டம் நடக்கும். நானும் போகிறேன் — எனக்கும் சர்க்கரை உண்டு, மறைப்பானேன்? கோவையில் இருக்கும் டாக்டர் டிவியில் தெரிவார். எங்கள் அறையில் உள்ள கேமரா வழியாக எங்களைப் பார்ப்பார். "யாருக்காவது தொந்தரவு இருக்கா?" என்று அவர் கேட்டால், அறையே கப்சிப்!

ஏன் யாரும் வாய் திறப்பதில்லை? அதைக் கண்டுபிடிக்கத்தான் கவிதா என்ற ஆராய்ச்சி மாணவி வந்திருந்தார். மையத்தின் நர்ஸ் மல்லிகாவும் அவரும் சேர்ந்து ஏதேதோ மாற்றிப் பார்த்தார்கள். நாற்காலிகளை வட்டமாகப் போட்டார்கள். டீயும் கொடுத்தார்கள். ம்ஹும்...

அன்று என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரைச் செல்வி என்று வைத்துக்கொள்ளுங்கள். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து, பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்ப்பவர். இடது காலை நாற்காலிக்கு அடியில் இழுத்து இழுத்து வைத்துக்கொண்டார். பாதத்தில் ஒரு கர்ச்சீப் கட்டு. ஈரம். லேசாக வாடை.

"கால்ல என்னங்கம்மா?" என்று கிசுகிசுத்தேன்.

"புண்ணு சார். யார்ட்டயும் சொல்லிராதீய. பின்னால எங்க சூப்பர்வைசர் இருக்காரு. நின்னு வேலை பாக்க மாட்டாள்னு அனுப்பிருவாவ."

சொன்னால் வேலை போகும். சொல்லாவிட்டால் கால்? டாக்டர் வேறு கூட்டத்தை முடித்து வணக்கம் சொல்லக் கையெடுத்துவிட்டார்!

எழுந்துவிட்டேன். "டாக்டர், எனக்குக் காலெல்லாம் எரியுதுங்க. தனியாக் காட்டோணுமுங்க."

பொய்தான்.

மல்லிகா என்னைப் பார்த்தார். செல்வியின் காலைப் பார்த்தார். "ஏனுங்க, உங்குளுக்கு மட்டும் எதுக்குங்க? எல்லாரு காலையும் பாத்துப்போடலாமுங்க!"

"அக்கா, கட்டில்ல இருக்கற போர்வையை எடுத்து மறைப்பாக் கட்டுங்க!" என்று சொல்லிக்கொண்டே கவிதா டிவியையும் கேமராவையும் மூலைக்கு நகர்த்தினார். சத்தத்தைக் குறைத்தார்.

ஒவ்வொருவராக உள்ளே போனோம். வெளியே வந்த செல்வியின் முகம் வெளுத்திருந்தது. உடனே கோவைக்கு வரச் சொல்லிவிட்டாராம் டாக்டர். மல்லிகாவே கார் பிடித்துக் கூட்டிப் போனார்.

கடைசியாகப் போனவர் அந்த சூப்பர்வைசர். வந்தவர் என் காதருகே குனிந்தார்.

"எனக்கும் புண்ணுதானுங்க... ஓனர் காதுக்குப் போச்சுன்னா என்னை அனுப்பிப்போடுவாருங்க. சொல்லிப்போடாதீங்க."

செல்விக்குச் சீழ் எடுத்தார்கள். விரல்கள் பிழைத்தன. தாமதித்திருந்தால் போயிருக்குமாம். இப்போது கம்பெனியில் அவருக்கு உட்கார்ந்து பார்க்கும் வேலை. கொடுத்தவர்? சூப்பர்வைசரேதான்!

கவிதாவும் மல்லிகாவும் இப்போது கூட்டத்தைத் தனித்தனிச் சோதனையோடுதான் ஆரம்பிக்கிறார்கள். அது முடிந்து வட்டமாக உட்கார்ந்தால், பேச்சை நிறுத்துவதுதான் கஷ்டமாக இருக்கிறது.

சூப்பர்வைசர் சார், உங்கள் பெயரை எழுதவில்லை... ஆனால் ஓனரையும் ஒரு நாள் கூட்டிக்கொண்டு வாருங்களேன்!