பச்சை அடித்த இடம்

நாட்டின் பெரிய விமான நிலையத்தை எங்கே கட்டுவது என்று அரசாங்கம் தலையைப் பிய்த்துக்கொண்டிருந்த காலத்தில், அந்த நிலையத்தைக் கையில் தூக்கிச் சுமந்த ஒரே ஆள் கோந்தம்மா. திட்ட அலுவலகத்தில் அட்டை மாதிரி செய்கிறவள். விரலில் காய்ந்த பசையை உரிக்காமல் ஒருநாளும் சாப்பிட உட்கார்ந்ததில்லை. பெற்றவர்கள் வைத்த பெயரை அலுவலகம் என்றோ மறந்துவிட்டது.

அடித்தளத்து அறையில், தலைநகரத்தையும் சுற்றுப்புற ஊர்களையும் ஒரே மேஜையில் அட்டையால் செய்து ஒட்டியிருந்தாள். விமான நிலையம் மட்டும் தனித் துண்டு. இடம் தேடும் குழு கூடும், மறுபரிசீலனை செய்யும், அவள் அதைச் சதுப்பிலிருந்து மலையடிவாரத்துக்கு மாற்றுவாள். மறுபடி கூடும், மலையடிவாரத்திலிருந்து ஏரிக்கரைக்கு. குட்டி போட்ட பூனை அலைவதுபோல் அந்த நிலையம் நாடெல்லாம் அலைந்தது. வடிவமும் அப்படியே. முதலில் அன்னம், பிறகு சங்கு, இப்போது தோகை விரித்த மயில். மேலிருந்து பார்த்தால் லாரி ஏறி நசுங்கிய தவளை. அதைச் சொன்னால் வேலை போகும். கோந்தம்மா வாயை மூடிக்கொண்டு தோகைக்குப் பசை தடவினாள்.

அவளுக்குக் குமட்டியது வடிவம் அல்ல, வந்தவர்கள்தான். பிஸ்கட் தின்று நகரத்தின் மேல் உதிர்ப்பார்கள். எண்ணெய் விரலை மலையில் துடைப்பார்கள். குழுத் தலைவரோ, பல் குத்திய குச்சியாலேயே இடம் காட்டுவார். அவர் போன பிறகு அவள் ஈரத்துணியோடு ஊர் ஊராகத் துடைப்பாள்.

ஒரு நாள் அந்தக் குச்சி ஆற்றுக்குத் தெற்கே ஒரு பச்சைத் திட்டில் வந்து குத்தி நின்றது.

"இவ்வளவு காலி இடத்தை வச்சுக்கிட்டா ஏரி, மலைன்னு அலைஞ்சோம்?"

கோந்தம்மா மேஜையருகே வந்தாள். அது அவள் குடியிருக்கும் பேட்டை.

"ஐயா, அது காலி இல்லீங்க. வீடுங்க இருக்கு."

"எங்கம்மா இருக்கு? காட்டு."

ஓரத்தில் ஒரு மாடி வீட்டைத் தவிர, காட்ட ஒன்றும் இல்லை. மாதிரி செய்கிறவர்களுக்கு ஒரு விதி உண்டு: அரிசியைவிடச் சிறியதை ஒட்டாதே, பச்சை அடித்துவிடு. மேஜையின் அளவுக்கு ஓட்டு வீடெல்லாம் அரிசியில் பாதிகூட வராது. அதனால் தன் பேட்டைக்கு அவளே பச்சை அடித்திருந்தாள்.

"நீதானேம்மா அடிச்சே?" என்றார் திட்ட அலுவலகத்தின் இயக்குநர், பிஸ்கட்டை மென்றபடி.

ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்று எடுத்து ஊற்றுகிற கூட்டம். ஆனால் நெய்ச்சட்டியைத் திறந்து வைத்தவள் அவள். அதுதான் எச்சில் குச்சியைவிட அருவருப்பாக இருந்தது.

பக்கத்துத் தெருவில் இருக்கும் அக்காவிடம் போய்ச் சொன்னாள்.

"ஏன்டி, என் வீட்டுக்குமா பச்சை அடிச்சே?"

"உன் வீட்டுக்குத்தான் மொதல்ல."

"அந்த மாடி வீட்டுக்காரன் வீடு?"

"அது இருக்கு. ரெண்டு மாடியாச்சே, ஒட்டிட்டேன்."

"நல்லா இருக்குடி. அவன் மொட்டை மாடியில நின்னு பிளேனுக்கு டாட்டா காட்டுவான்; நாம ரோட்டுல நின்னு அவனுக்குக் காட்டணும்." சொல்லிக்கொண்டே அக்கா சமையலறைக்குப் போய் ஒரு டப்பாவோடு வந்தாள். "அரிசி பெருசுன்னா நொய்யை ஒட்டு. எடுத்துட்டுப் போ."

கோந்தம்மா நொய்க்குச் சாம்பல் நிறம் ஏற்றி, இடுக்கியால் வீடு வீடாக ஒட்டினாள். ஆபீஸ் பசை தீர்ந்துபோக, வீட்டில் மைதாப் பசை காய்ச்சினாள். அக்கா வீட்டு மாட்டுக்கொட்டகைக்குக்கூட ஒரு குருணை.

கடைசி முடிவு எடுக்கக் குழு வந்த காலையில் பார்த்தால் பேட்டையில் பாதியைக் காணோம். மைதா வாசனைக்கு எலி வந்து, அக்கா தெருவைக் கொட்டகையோடு தின்றுவிட்டுப் போயிருந்தது. தெரு இருந்த இடத்தில் அது விட்டுச்சென்ற புழுக்கைகள்தான் கிடந்தன.

"இந்தப் பக்கம் ஏன் வீடு இல்லை?" என்றார் தலைவர்.

"எலி காலி பண்ணிடுச்சு சார்," என்றார் இயக்குநர்.

"நஷ்டஈடு கேட்காம போயிட்டாங்களே. நல்ல ஜனங்க."

அறையே சிரித்தது. தலைவர் குச்சியால் அந்தப் புழுக்கைகளைக் கிளறியபடி மிச்சமிருந்த நொய்யைப் பார்த்தார். "இவ்வளவு வீடுன்னா கொடி பிடிச்சுட்டு வருவாங்க. வேண்டாம்." குச்சி ஆற்றைத் தாண்டி வடக்கே இன்னொரு பச்சைக்குப் போயிற்று. "அப்போ இது? இதாவது காலிதானேம்மா?"

ஆமாம் என்று ஒரு சொல் போதும், அவள் பேட்டை பிழைத்தது. இயக்குநர் கண்ணால் சொல்லு சொல்லு என்றார். அந்தப் பச்சையையும் அடித்தது அவள்தான். அங்கே யார் இருக்கிறார்கள் என்று அவளுக்குத் தெரியாது. யாருக்காவது அங்கே ஓர் அக்கா இருப்பாள்.

"இல்லீங்க. அங்கயும் வீடுதான். இன்னும் ஒட்டலை."

"பச்சையா இருக்கிற எல்லா இடமும் இப்படித்தானா?"

"எங்கெல்லாம் பச்சையோ, அங்கெல்லாம் ஒட்ட வேண்டியிருக்குங்க."

"அப்போ ஒட்டி முடி. மறுபரிசீலனை பண்ணலாம்."

"அதுவரைக்கும் ஏர்போர்ட்டை எங்க வைக்கிறது?" என்றார் இயக்குநர் எரிச்சலோடு.

"அலமாரி மேல வைக்கிறேங்க."

தலைவர் யோசனையோடு குச்சியைத் திரும்ப வாயில் வைத்துக்கொண்டார். கோந்தம்மா பார்த்தாள். சொல்லலாமா என்று ஒரு கணம் நினைத்தாள். பிறகு மயிலைத் தூக்கிக்கொண்டு அலமாரிப் பக்கம் நடந்தாள்.