சப்வூஃபரும் சக்கர நாற்காலியும்

என் மகன் பனியன் கம்பெனியில் குவாலிட்டி பார்க்கிறான். கழுத்தில் எந்நேரமும் இஞ்ச் டேப் தொங்கும். வீட்டுக்கு வந்தும் கழற்ற மாட்டான். அந்த டேப்பை வைத்துத்தான் எங்கள் காரின் டிக்கியை அளந்தான். அதில் வந்த வினை இது.

என் மனைவிக்குப் பக்கவாதம் வந்து வலப் பக்கம் விழுந்துவிட்டது. ஞாயிறுதோறும் காங்கேயத்தில் பிசியோதெரபி. மகன் ஓட்டுவான். அவள் முன் சீட்டில், நானும் மருமகளும் பின்னால், சக்கர நாற்காலி மடங்கி டிக்கியில். பாத்ரூமுக்குக் கூட்டிப்போக மருமகள் வேண்டும். எண்ணுவதற்கு நான் வேண்டும். விரலை மடக்கி நீட்டச் சொல்லிவிட்டு அங்கிருக்கும் பெண் அடுத்த ஆளிடம் போய்விடுவாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து சத்தமாக எண்ணுவேன். எண்ணாவிட்டால் என் மனைவி பாதியில் நிறுத்திவிடுவாள். நூல் மில் ஸ்டோரில் வேலை பார்த்தவன் நான், எதையும் எண்ணியே பழகியவன். இன்றைக்கு என்னால் ஆகிற காரியம் அது ஒன்றுதான்.

காரோடு வந்த ஸ்பீக்கர் நன்றாகத்தான் பாடியது. மகனுக்குப் போதவில்லை. "பேஸே இல்லீங்கப்பா, தகர டப்பாவத் தட்டற மாதிரி இருக்குது" என்றான். கதவுகளுக்குப் புது ஸ்பீக்கர், சீட்டுக்கு அடியில் ஆம்ப்ளிஃபயர், டிக்கியில் பேஸுக்கென்றே தனியாக ஒரு சப்வூஃபர் என்று முடிவு செய்தான். நெஞ்சு அதிர்வதற்காக மனிதர்கள் செலவு செய்கிறார்கள். என் வயதில் அது தானாகவே அதிர்கிறது.

கடைக்கு நானும் போனேன். சப்வூஃபருக்குப் பலகையில் பெட்டி செய்கிறவர் மதுரைப் பக்கத்துக்காரர்.

"டிக்கில வேற சாமான் வைப்பீகளாண்ணே?"

"அம்மாவோட வீல் சேருங்க. மடக்குனா பன்னெண்டே கால் இஞ்ச். பதினொண்ணே முக்கா உட்டாப் போதுமுங்க, பெரிய ஊஃபரே போட்டுக்கலாம்" என்றான் மகன்.

"கண்ணு, அர இஞ்ச் குறையுதே" என்றேன்.

"டாலரன்ஸுங்கப்பா. அமுக்குனா போயிரும்."

பனியனில் அரை இஞ்ச் கூடக் குறைய இருந்தால் டாலரன்ஸ் என்று சொல்லி பாஸ் போட்டுவிடுவார்கள். துணி இழுத்தால் வரும், உடம்பில் ஏறியதும் சரியாகிவிடும். இத்தனை வருடம் இழுபடுகிறதையே அளந்தவனுக்கு இரும்புக் குழாய் இழுபடாது என்பது உறைக்கவில்லை.

"இது பனியன் இல்லடா."

"டெய்லி எத்தன பீஸ் பாக்கறனுங்க. எனக்கு அளவு தெரியாதுங்களா?"

பெட்டிக்காரர் சிரித்தார். "ஐயா கணக்கு வாத்தியாராண்ணே?"

அடுத்த ஞாயிறு நாற்காலி உள்ளே போகவில்லை. மகன் அமுக்கினான், முழங்காலால் முட்டினான், பிறகு சாய்த்துப் பார்த்தான். பெட்டியின் மேல் ஒட்டிய கறுப்புக் கார்பெட் கிழிந்ததுதான் மிச்சம்.

"பெட்டியக் கழட்டிரு" என்றேன்.

"ஸ்க்ரூ அடிச்சு, வயரெல்லாம் அடியில போயிருச்சுங்கப்பா. அளவு நாம குடுத்தது, திருப்பி எடுக்க மாட்டாங்க."

நாற்காலியைப் பின் சீட்டில் ஏற்றினான். மிச்சம் ஒரு ஆள் இடம். மருமகள் ஏறாமல் என்னைப் பார்த்தபடி நின்றாள். அவள் போய்த்தான் ஆகவேண்டும்.

"நீங்க இந்த வாரம் ரெஸ்ட் எடுங்கப்பா" என்றான் மகன்.

மாலையில் திரும்பியதும் எத்தனை தடவை மடக்கினாள் என்று கேட்டேன்.

"நெறயச் செஞ்சாங்க மாமா" என்றாள் மருமகள்.

நெறய என்பது ஒரு எண் அல்ல.

"பாட்டு நல்லா இருந்துச்சுங்க" என்றாள் என் மனைவி. "நெஞ்சுக்குள்ளயே அடிக்குது."

அடுத்த வாரமும் பெட்டி அங்கேயே இருந்தது, எனக்கு ரெஸ்ட்டும் அப்படியே இருந்தது. மூன்றாம் வாரம் அவர்களுக்கு முன்பே கிளம்பி பஸ் ஏறினேன். வழியில் எங்கள் கார் பஸ்ஸைக் கடந்தது. கண்ணில் படுவதற்கு முன் ஜன்னல் கண்ணாடி நடுங்கியது.

"கார்லயே கோயில் நோம்பி வெச்சுட்டுப் போறான் பாருங்க" என்றார் கண்டக்டர்.

"எம் பையனுங்க."

அவர் சில்லறையைப் பையில் குலுக்கினார். "சவுண்டு நல்லாத்தானுங்க இருக்குது."

நான் போய்ச் சேர்ந்தபோது என் மனைவி கையை மடியில் போட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாள். மகன் வெளியே போனில் பேசிக்கொண்டிருந்தான்.

"முடிச்சிட்டியா?"

"பதினொண்ணு வரைக்கும் நானே எண்ணுனனுங்க. அப்பறம் நீங்க வருவீங்கன்னு வாசலப் பாத்தனா, கணக்கு தப்பிப்போச்சு."

நான் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்து பன்னிரண்டு என்றேன். அவள் சுண்டுவிரல் மெல்ல மடங்கியது. பிசியோதெரபிப் பெண் வந்து, நேரம் முடிந்துவிட்டது, அடுத்தவர் காத்திருக்கிறார் என்றாள்.

மகன் தாயைத் தூக்கி முன் சீட்டில் உட்கார வைத்தான். நாற்காலியை மடக்கிப் பின்னால் திணித்தான். மருமகள் ஒடுங்கி ஏறிக்கொண்டாள். என் மனைவி கழுத்தைத் திருப்பி என்னைத் தேடினாள். நான் நின்ற வலப் பக்கம் அவள் கழுத்து திரும்பாது. கதவைச் சாத்தியதும் பாட்டு ஆரம்பித்தது.