கலர் கண்ணாடி வீட்டின் கிழக்கு அறை

காஞ்சிபுரத்தில் ஒரு வீட்டுக்கு எத்தனை பெயர் வேண்டுமானாலும் இருக்கலாம். கட்டினவர் வைத்த பெயர் மட்டும் யாருக்கும் ஞாபகம் இருக்காது. கங்கையம்மாள் பெருக்கித் துடைத்த மாளிகைக்கும் அதே கதிதான். நிலைக்கதவுக்கு மேலே கல்லில் ஏதோ வெட்டியிருந்தது. வருஷா வருஷம் சுண்ணாம்பு அடித்ததில் எழுத்தெல்லாம் தூர்ந்துவிட்டது. மாடி ஜன்னல்களில் சிவப்பும் பச்சையுமாகக் கண்ணாடி பதித்திருந்ததால் ஊர் அதைக் கலர் கண்ணாடி வீடு என்றது.

கட்டினவர் ஒரு சரிகை வியாபாரி. அவருடைய வாரிசுகள் பட்டணத்தோடு போய்விட்டார்கள். அன்றிலிருந்து அந்த வீடு ஒரு வேலையில் நிலைக்கவில்லை. அறுபதாம் வருஷவாக்கில் ஒரு லேடி டாக்டர் வாடகைக்கு எடுத்துப் பிரசவ ஆஸ்பத்திரி நடத்தினார். அவர் போனதும் மாணவர் விடுதி வந்தது. பையன்கள் போனதும் அரிசி கோடவுன் ஆனது. கடைசியில் பட்டுக்கடை தனசேகரன் விலைக்கு வாங்கி, கல்யாண மண்டபமாக்கி, கூடத்துத் தூண்களுக்கெல்லாம் ரோஸ் பெயிண்ட் அடித்தார். வழவழவென்று கறுத்துக் கிடந்த தேக்குத் தூணுக்கு ரோஸ் பெயிண்ட்! சொல்லி என்ன ஆகப்போகிறது, விடுங்கள்.

இத்தனை பேர் வந்து போன வீட்டில் போகாமல் இருந்தவள் கங்கையம்மாள்தான். தாமலிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்து, ஆஸ்பத்திரி நாளில் துடைப்பத்தைக் கையில் எடுத்தாள். அதற்கப்புறம் வீடு கைமாறும்போதெல்லாம் சாவிக்கொத்தைக் கொடுப்பவர்கள், “இந்தம்மாவும் இங்கதான் இருக்குது” என்று அவளையும் சேர்த்தே ஒப்படைத்தார்கள். புதிதாக வந்தவர்களும் கிணற்றையும் மாடிப்படியையும் பார்ப்பதுபோல அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டு, சரி என்றார்கள்.

அவளுக்கு ஒரு அரிப்பு உண்டு. எந்த அறை முன்னால் என்னவாக இருந்தது என்று தெரிந்தாக வேண்டும். கூடத்து உத்தரத்தில் தொங்கும் இரும்பு வளையங்கள் எதற்கு? ஊஞ்சலுக்கு என்று கண்டுபிடித்துவிட்டாள். மாடிப்படி பாதியில் நின்று இரண்டாகப் பிரிகிறதே, அது எதற்கு? ஆண்களுக்கு ஒன்று, பெண்களுக்கு ஒன்று என்றார் விடுதி வார்டன். எல்லாம் பகட்டுக்குத்தான் என்றார் கோடவுன் கிளார்க். மாமியார்க்காரி அந்தக் காலத்தில் இங்கே வேலை செய்தவள் ஆயிற்றே என்று அவளைக் கேட்டால், “எனக்கின்னாடி தெரியும்? நம்ம ஜனத்த கொல்லப்பக்கம் தாண்டி எங்க வுட்டாங்க?” என்றாள். ஒருமுறை வியாபாரியின் பேரனே காரில் வந்து இறங்கினான். கங்கையம்மாள் ஆசையாக ஓடிப்போய்க் கேட்டாள். அவன் மாடிப்படியை அண்ணாந்து பார்த்து, “அட, ஆமா, ஏன்?” என்று அவளையே திருப்பிக் கேட்டான். அவள் முகத்தில் அசடு வழிந்தது.

கிழக்கு அறையின் ஜாதகம் மட்டும் அவளுக்குத் தலைகீழாகத் தெரியும். வியாபாரி காலத்தில் சரிகைப் பெட்டிகள் இருந்த இடம். அதனால்தான் ஜன்னல்களுக்கு அவ்வளவு கனமான கம்பி. டாக்டரம்மா அதைப் பிரசவ அறை ஆக்கினார். வார்டன் அங்கே கட்டில் போட்டுக் குறட்டை விட்டார். பிறகு மூட்டைகள். இப்போது வாசலில் மாவிலைத் தோரணம் கட்டி, பெரிய கண்ணாடி மாட்டி, ‘மணமகள் அறை’ என்று போர்டு.

அந்த அறையில்தான் கங்கையம்மாளுக்குத் தலைப்பிரசவம் ஆனது. வீட்டில் பெற்றுக்கொள்கிறேன் என்று மன்றாடியவளை டாக்டரம்மா அதட்டிப் படுக்க வைத்தார். பெண் குழந்தை. இரண்டு நாள் இருந்தது. பால் குடித்தது, கத்திக் கத்தி அழுதது, பிறகு அழவில்லை. முப்பதாம் நாள் பெயர் வைக்க வேண்டும் என்பார்கள். அதற்குள் போன பிள்ளைக்கு யார் பெயர் வைக்கப்போகிறார்கள்? அவள் மனசுக்குள் ஒரு பெயர் வைத்திருந்தாள். புருஷனிடம்கூடச் சொல்லவில்லை. அப்புறம் இரண்டு பையன்கள் பிறந்து தோளுக்கு மேல் வளர்ந்துவிட்டார்கள். ஆனாலும் அந்த அறையில் தன் கட்டில் கிடந்த கிழக்கு மூலையைக் கடைசியாகத்தான் பெருக்குவாள். மூட்டை அடுக்கியிருந்த காலத்தில் அந்த மூலை கண்ணிலேயே படாமல் போனது. அப்போது அவள் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும்.

மண்டபம் ஆனதும் புதுத் தொல்லை ஒன்று முளைத்தது. மண்டபம் பார்க்க வருகிற பெண்கள் தனசேகரனிடம் லைட், பாத்திரம், தண்ணீர் எல்லாம் விசாரித்துவிட்டு, போகிறபோது கங்கையம்மாளை ஓரம் கட்டிவிடுவார்கள்.

“ஏம்மா, நீ ரொம்ப நாளா இருக்கியே, இந்த வூட்ல சாவு கீவு எதுனா வுழுந்துகுதா?”

தனசேகரன் முதல் நாளே சொல்லி வைத்திருந்தார். “தோ பாரு கங்கா, யாரு கேட்டாலும் ஒண்ணும் இல்லன்னு சொல்லு. மண்டபம் ஓடுனாத்தான் உனுக்கும் வேல.”

அவளும் இல்லை என்று சொன்னாள். ஒவ்வொரு முகூர்த்த மாசத்திலும் சொன்னாள். இல்லை என்று சொல்லும்போதெல்லாம் பெற்ற பிள்ளையை இன்னொரு தடவை வெளியே தூக்கிப் போட்டதுபோல இருந்தது. பிள்ளை இருந்ததற்கு அடையாளம் என்று உலகத்தில் ஏதும் கிடையாது. அவள் வாய் ஒன்றுதான் சாட்சி, அந்த வாயே பொய் சொன்னது. இந்தப் பிழைப்பை நினைத்து அவளுக்கே அருவருப்பாக இருந்தது.

எழுபத்தெட்டில் தை மாச முகூர்த்தத்துக்கு மண்டபம் பார்க்கப் பட்டம்மாள் வந்தாள். வீட்டில் நாலு தறி ஓடுகிற குடும்பம். மணப்பெண் அவளுடைய மூத்த மகள். கூடவே மாப்பிள்ளையின் அத்தை அங்கம்மாள், தென்னேரிக்காரி, கண்ணாலேயே தூசு கண்டுபிடிக்கிற ரகம். கிழக்கு அறை வாசலில் அத்தைதான் கேட்டாள்.

“இந்த ரூம்ல யாருனா செத்துருக்காங்களா?”

கங்கையம்மாள் வாயைத் திறப்பதற்குள் பட்டம்மாள் முந்திக்கொண்டாள். “ஐயே, இங்க பொறந்தவங்கதான் ஜாஸ்தி அண்ணி. எம் பொண்ணே இந்த ரூம்லதான் பொறந்தா.”

கங்கையம்மாள் அந்த முகத்தை உற்றுப் பார்த்தாள். தெரிந்தது. அன்றைக்குப் பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்தவள். தன் பிள்ளையைக் கண்ணால் பார்த்த இன்னொரு ஆள் உலகத்தில் உண்டு. அவளும் இல்லை என்கிறாள். வாடகை பேசி முடிக்கும்வரை கங்கையம்மாள் கிணற்றடியில் போய் நின்றுகொண்டாள். கண்ணீர் வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது.

கல்யாணத்துக்கு முந்தின நாள் மத்தியானம் பூவாடைக்காரிக்குப் படையல் போட்டார்கள். இந்தப் பக்கத்துக் குடும்பங்களில் அது உண்டு. அற்பாயுசில் போன பெண்களுக்குப் புதுத்துணியும் பூவும் வைத்து, பெயர் சொல்லிக் கூப்பிட்டு, உத்தரவு வாங்கிக்கொண்டுதான் தாலி கட்டுவார்கள். பட்டம்மாள் கிழக்கு அறையிலேயே இலை போட்டாள். சின்ன வயசில் போன நாத்தனாருக்கு ஒரு மஞ்சள் புடவை வைத்தாள். அப்புறம் பையிலிருந்து சாண் உயரத்துக்கு ஒரு சிவப்புப் பட்டுப் பாவாடையை எடுத்துப் புடவைக்குப் பக்கத்தில் வைத்தாள்.

“இது யாருக்கு?” என்றாள் அங்கம்மாள்.

“எம் பொண்ணு பொறந்தப்போ பக்கத்துக் கட்டில்ல ஒரு பொண்ணு பொறந்துச்சு அண்ணி. ரெண்டும் சேந்துதான் அழுதுக்கினு இருந்துச்சுங்க. ரெண்டு நாள்ல அது பூட்ச்சி. அன்னிக்குக் கேட்டப்போ பயந்துக்கினு மறைச்சிட்டேன். எம் பொண்ணுகூடப் பொறந்தது, அதக் கூப்பிடாம எப்படி இவளுக்குத் தாலி கட்டுறது?”

விளக்குக்கு ஒயர் இழுக்கிற ஆளோடு வந்த தனசேகரன் வாசலிலேயே நின்றுவிட்டார். அவர் பார்வை கதவோரம் துடைப்பத்தோடு நின்ற கங்கையம்மாள் மேல் விழுந்தது. பட்டம்மாள் அதையெல்லாம் கவனிக்கவில்லை.

“கங்கா, உள்ள வா. பாப்பாவுக்குப் பேரு இன்னா வச்ச?”

கங்கையம்மாள் துடைப்பத்தைச் சுவரில் சாத்தினாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு இலை முன்னால் வந்து நின்றாள். சொன்னால் வேலை போகும் என்று தெரியும்.

“அம்சா” என்றாள். அவளுக்கே சரியாகக் கேட்கவில்லை.

அங்கம்மாள் பாவாடையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தன் தலையில் இருந்த பூச்சரத்தில் ஒரு முழம் கிள்ளி அதன்மேல் வைத்தாள்.

“சத்தமா சொல்லும்மா. அதுங் காதுல வுழ வேணாமா?”

கங்கையம்மாள் மறுபடியும் சொன்னாள், கூடம் முழுக்கக் கேட்கும்படி.