பாக்கெட் இல்லாத சட்டை

படிவத்தின் ஒன்பதாவது கேள்வி அவளுக்கு மனப்பாடம்: ‘நீதிமன்றத்தால் தண்டிக்கப்பட்டதுண்டா?’ மூன்று தையல் நிறுவனங்களில் ‘ஆம்’ என்று எழுதினாள். மூன்றிலும், “சொல்லி அனுப்புறோம்” என்றார்கள். ஒருவரும் சொல்லி அனுப்பவில்லை.

செய்த குற்றத்தை அவள் மறுத்ததில்லை. குழாயடியில் தொடங்கிய சண்டை வாசல்வரை வந்த அன்று, கையிலிருந்த இஸ்திரிப் பெட்டியை அண்டை வீட்டுக்காரியின்மீது எறிந்தாள். அந்தப் பெண்ணுக்கு ஒரு கண்ணில் பார்வை போயிற்று. இவளுக்கு நான்கு ஆண்டுச் சிறை. கணவன் முன்பே இறந்துவிட்டதால், அப்போது ஆறு வயதான மகள் இவளுடைய அண்ணன் வீட்டில் வளர்ந்தாள். விடுதலையான பின் இவளுக்குக் கிடைத்தது பெண்கள் விடுதியில் ஒரு கட்டில். அங்கே குழந்தைகளுக்கு இடமில்லை. நிலையான வேலை கிடைத்தால்தான் ஓர் அறை எடுத்து மகளை அழைத்துக்கொள்ள முடியும்.

நான்காவது நிறுவனத்துக்குச் செல்வதற்கு முந்தைய நாள், அண்ணி அறிவுரை கூறினாள்.

“அந்த இடத்தை மட்டும் காலியா விட்டுடு. வேலியில போற ஓணானை எடுத்து மடியில விட்டுக்கற ஆளு நீதான்.”

“கேட்டா என்ன அண்ணி சொல்றது?”

“கேட்டாப் பார்த்துக்கலாம். உண்மையை எழுதினவங்களை யாரு பல்லக்குல தூக்கிட்டுப் போனாங்க?”

காலியாகவே விட்டாள்.

தேர்வுக்காக, வெட்டிய துணிகளைக் கட்டாகக் கொடுத்து, ஆண்கள் சட்டை ஒன்றைத் தைக்கச் சொன்னார்கள். நாற்பது நிமிடங்களில் முடித்தாள். மேற்பார்வை செய்யும் அம்மையார் காலரின் இரு முனைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தார். மயிரிழை வேறுபாடும் இல்லை. பிறகு சட்டையின் மார்புப் பகுதியைத் தடவினார்.

“பாக்கெட் எங்கம்மா?”

பாக்கெட்டுக்கான துணி, மேசை ஓரத்தில் ஒழுங்காக மடிக்கப்பட்டுக் கிடந்தது. கைதிகளின் சட்டைக்குப் பாக்கெட் கிடையாது; எதையும் ஒளித்துவைக்க இடம் தரக்கூடாது என்பது சிறை விதி. நான்கு ஆண்டுகள் அத்தகைய சட்டைகளையே தைத்த கை, அந்தத் துண்டைத் தானாகவே ஒதுக்கிவிட்டது.

“பழக்கம் விட்டுப்போச்சும்மா.”

“நல்லா இருக்கே. பந்தியில உட்கார்ந்து சாப்பிட மறந்த கதையா இருக்கு.”

பக்கத்து எந்திரத்தில் இருந்தவள் சிரித்தாள். அம்மையார் தாமாகவே ஒரு வழியும் காட்டினார்.

“ஆஸ்பத்திரி உடுப்பு தைச்சிட்டு இருந்தியா? அதுலதான் பாக்கெட் இருக்காது.”

ஆமாம் என்றால் போதும். ஆனால் அடுத்து எந்த ஆஸ்பத்திரி என்று கேட்பார். அதற்கும் ஒன்று சொல்ல வேண்டும். நாளை மகளுக்கும் அதையே சொல்லிக்கொடுக்க வேண்டும்.

“இல்லம்மா. ஜெயில்ல தைச்சேன்.”

பக்கத்து எந்திரம் நின்றது. அம்மையார் படிவத்தை எடுத்தார்.

“ஒன்பதாவது காலியா இருக்கு.”

“வேணும்னுதான் விட்டேன்.”

“என்ன செஞ்சே?”

சொன்னாள்.

“இங்கே இருபது இஸ்திரிப் பெட்டி இருக்கு.”

“உள்ளே வரும்போதே பார்த்தேம்மா.”

அம்மையார் பேனாவை நீட்டினார். “எழுது. மறைச்சது தெரிஞ்சா முதலாளி என்னையும் சேர்த்து அனுப்பிடுவார். எழுதினா நான் பேசிப் பார்க்கலாம். உறுதி சொல்ல மாட்டேன்.”

எழுதினாள். பாக்கெட்டையும் தைத்தாள். பிறகு ஒன்றரை மணி நேரம் பலகையில் அமர்ந்திருந்தாள். தடுப்புக்கு அப்பால் முதலாளியின் குரல் கேட்டது, சொற்கள் விளங்கவில்லை.

இறுதியில் அம்மையார் வந்து கூறினார்: “மூணு மாசம் சோதனைக்கு. இஸ்திரிப் பக்கம் தலைகாட்டக் கூடாது. பாக்கெட் பிரிவுல உட்காரு. மறந்தா நானே ஞாபகப்படுத்தறேன்.”

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வீட்டுக்குச் சென்றாள்.

“என்ன வேலை?” என்றாள் அண்ணி.

“பாக்கெட் வைக்கிறது.”

“அது மட்டுமா?”

“அது மட்டும்தான். மூணு மாசம் கழிச்சுத்தான் நிரந்தரம் ஆகுமான்னு தெரியும்.”

மகள் காலணி அணிந்து, துணிப்பையோடு வாசலில் உட்கார்ந்திருந்தாள். வேலை கிடைத்தது என்பது மட்டுமே அவளுக்குத் தெரியும். தாய் அருகில் அமர்ந்து, உள்ளதை உள்ளபடி சொன்னாள். மகள் விரல்விட்டு மாதங்களை எண்ணினாள், காலணியைக் கழற்றினாள்.

“பை இங்கே வாசல்லயே இருக்கட்டும்” என்றாள்.

அண்ணியும் அதை எடுத்து உள்ளே வைக்கவில்லை.