பச்சை விளக்கு எரிந்தது, திரை எரியவில்லை

எனக்குக் கோபம் வந்தால் புத்திக்கு முன்னால் வாய் போய் நிற்கும். சண்டையில் அது உதவியிருக்கிறது. ஒரே ஒரு நாள் மட்டும், அந்த வாயால் ஒரு பிள்ளை தொலைந்துபோகப் பார்த்தாள்.

மாத்தளை பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு சின்னக் கடை வைத்திருந்தேன். விண்ணப்பம் அடிப்பது, ஃபொட்டோகொப்பி, ஃபேக்ஸ், கல்யாண அழைப்பிதழ், மரண அறிவித்தல் எல்லாம் அங்கேதான். இருந்தது ஒரே ஒரு கொம்பியூட்டர். அதன் மொனிட்டர் முதுகு பெருத்த பழைய ரகம். மேசையில் பாதியை அதுவே பிடித்துக்கொள்ளும்.

அன்று காலை ஒன்பதரைக்கு உக்குவளைப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஓர் அக்கா மூச்சிரைக்க ஓடி வந்தார். அவருடைய மகள் கொழும்பில் ஒரு துணிக்கடையில் வேலை செய்கிறாள். போன வாரம் பஸ்ஸில் அவளுடைய கைப்பை களவு போனது. அடையாள அட்டையும் அதோடு போய்விட்டது. முந்தின இரவு அவள் தங்கியிருந்த இடத்தைச் சோதனை போட்டவர்கள், அட்டை இல்லை என்று அவளைப் பொலிசுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். தாய்மாமன் ஸ்டேஷன் வாசலில் நிற்கிறார். பன்னிரண்டு மணிக்குள் அட்டையின் பிரதி ஃபேக்ஸில் வந்தால் விசாரித்துவிட்டு வெளியே விடுவார்களாம். வராவிட்டால் வேறு இடத்துக்கு அனுப்பிவிடுவார்களாம். யுத்தம் நடந்த அந்த வருடங்களில் 'வேறு இடம்' என்றால் எந்த இடம் என்று நாங்கள் யாரும் கேட்பதில்லை.

"மிஸ், மூணு மாசத்துக்கு முந்தி வேலைக்கி எழுதிப்போடுறப்ப நீங்கதானே அவ ஐடென்டிட்டிய கொம்பியூட்டர்ல ஏத்துனீங்க. அது இன்னும் இருக்குமா?"

"இருக்கும்க்கா. ஏன், ஒரு கொப்பி எடுத்து வீட்டுல வச்சிருக்கக் கூடாதா? இதக்கூட நானா சொல்லித்தரணும்?" என்று எரிந்து விழுந்துகொண்டே பிளக்கைச் செருகிச் சுவிட்சைப் போட்டேன்.

உள்ளே காற்றாடி சுற்றியது. வழக்கம்போல 'பீப்' என்று ஒரு சத்தம். மொனிட்டரின் மூலையில் பச்சை விளக்கும் எரிந்தது. திரை மட்டும் கரிச்சட்டி மாதிரி இருந்தது.

நிறுத்திப் போட்டேன். வயரைப் பிடுங்கிச் செருகினேன். மொனிட்டரின் தலையில் இரண்டு தட்டுத் தட்டினேன். ஒன்றும் நடக்கவில்லை. அக்கா என் கையையும் சுவர்க்கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கொம்பியூட்டர்ப் பெட்டியை வேறு கடைக்குத் தூக்கிப் போகவும் வழியில்லை. முதல்நாள் தெருவெல்லாம் சோதனை போட்டிருந்ததால் பாதிக் கடைகள் திறக்கவே இல்லை. நல்ல காலம், நாலு கடை தள்ளி ரேடியோவும் கொம்பியூட்டரும் திருத்துகிற நானா திறந்திருந்தார். என்னைவிடப் பத்து வயது மூத்த முஸ்லிம் மனிதர், அவர்கள் பேச்சில் நானா என்றால் அண்ணன்; நிதானமாகப் பேசுபவர். விஷயத்தைச் சொன்னதும் கையிலிருந்த தேத்தண்ணியை அப்படியே வைத்துவிட்டு வந்தார்.

"நேத்து நல்லா ஈந்திச்சா தங்கச்சி?"

"நல்லாத்தான் இருந்துச்சு."

"மொனிட்டர்ல ஒன்டும் திருகல்லயே?"

"நாலு வருஷமா இத வச்சுத்தான் நான் சோறு திங்கிறேன் நானா. எனக்குத் தெரியாதா? மொதல்ல பெட்டியக் கழட்டுங்க!"

அவர் பெட்டியைக் கழற்றித் தூசி ஊதினார். ஞாபகச் சில்லைப் பிடுங்கி, அதன் பித்தளைப் பல்லை அழிறப்பரால் தேய்த்து மறுபடி செருகினார். 'பீப்', ஒரே ஒரு தடவை. சில்லை எடுத்துவிட்டுப் போட்டுப் பார்த்தார். நீளமாக ஓலமிட்டது. திரும்பச் செருகினார். மறுபடி ஒரே 'பீப்'.

"பெட்டிக்கி உசிர் ஈக்கி தங்கச்சி. படமும் மொனிட்டர் வரைக்கும் வருது, அதான் பச்சை எரியுது. கண்ணுதான் தெரியல்ல. டியூப் போயிட்டுது போல. எங்கட ஊட்டுல ஒன்டு ஈக்கி, எடுத்துட்டு வாரன்."

அவருடைய வீடும் உக்குவளையில்தான். வழியில் சோதனைச் சாவடி வேறு. மணி பதினொன்றே கால். அக்கா தரையில் உட்கார்ந்துவிட்டார். அழவில்லை, வாய்க்குள் மாரியம்மனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். அவரைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

நானா வாசலில் கால் வைத்த நேரம் தெருவில் பூட்ஸ் சத்தம் கேட்டது. அவர் அப்படியே உள்ளே வந்துவிட்டார்.

என் கை என்னைக் கேட்கவில்லை. தானாக மொனிட்டரின் அடிப்பக்கம் போனது. அங்கே விளிம்புக்குக் கீழே, பார்வைக்குப் படாமல், வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கிற சின்னச் சக்கரம் இருக்கிறது. கட்டைவிரலால் அதை அழுத்தி, குறைக்கிற பக்கம் திருப்பினேன். அது திரும்பவில்லை. ஏற்கனவே கடைசிக்கு வந்து முட்டிக்கொண்டு நின்றது.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அட பாவி, நான்தான்!

முதல்நாள் பின்னேரம் இராணுவத்தினர் இரண்டு பேர் துப்பாக்கியோடு கடைக்குள் வந்தார்கள். திரையில் கொட்டை எழுத்தில் ஒரு தமிழ் மரண அறிவித்தல் இருந்தது. கிழவர் ஒருவர் சளியில் செத்ததற்கு அடித்தது, அதில் ஒளிக்க ஒன்றுமில்லை. ஆனாலும் தமிழ் எழுத்தைக் கண்டால் என்ன கேட்பார்களோ என்று பயந்து அந்தச் சக்கரத்தைத் திருகிவிட்டேன். இது என்ன என்று கேட்டவரிடம் "மேக்க கெடிலா" என்றேன், இது பழுது என்று. அவர்கள் போனதும் பிளக்கைப் பிடுங்கிவிட்டு வீட்டுக்குப் போனேன். பயந்ததும் பொய் சொன்னதும் நினைவிருந்தது. விரல் செய்தது நினைவில் இல்லை.

வாசலில் வந்து நின்றது, நேற்றுக் கேள்வி கேட்ட அதே ஆள்தான், வயது இருபத்திரண்டு இருக்கும். மேசையில் கழற்றிக் கிடந்த பெட்டியைப் பார்த்துவிட்டு "ஹெதுவத?" என்று கேட்டான். திருத்தியாச்சா என்கிறான். நானா மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார். நேற்று நல்லா இருந்தது என்று அவரிடம் சத்தம் போட்டவள் நான்.

மணி பதினொன்று முப்பத்தைந்து. சக்கரத்தைத் திருகித் திரை எரிந்தால் நேற்றுச் சொன்ன பொய் பிடிபடும்; இவன் போகும்வரை காத்திருக்கலாமா என்று யோசித்தேன். அவன் வெயிலுக்கு ஒதுங்கி நிலையில் சாய்ந்துகொண்டான். போகிற மாதிரித் தெரியவில்லை. நாசமாய்ப் போக என்று மனதுக்குள் திட்டிக்கொண்டு சக்கரத்தை மேலே தள்ளினேன்.

திரை வெளுத்தது. அந்தப் படத்தைத் தேடிப் பிடித்துத் திறந்தேன். அடையாள அட்டை திரை முழுக்க வந்தது. காதோரம் பூ வைத்து, சிரிக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள் அக்காவின் மகள். அக்கா எழுந்து வந்து அந்தப் படத்தைத் தொட்டார்.

அவன் எட்டிப் பார்த்தான். யார் என்று சிங்களத்தில் கேட்டான்.

"மகே நங்கி," என்றேன். என் தங்கச்சி. வாய் முந்திக்கொண்டது, அந்த முறை நல்லதுக்கு.

அவன் படத்தைப் பார்த்தான், அக்காவைப் பார்த்தான், தெருவில் இறங்கிப் போனான். பிரிண்ட் எடுத்து ஃபேக்ஸில் போட்டேன். கொழும்பு லைன் இரண்டு முறை கிடைக்கவில்லை. மூன்றாம் முறை தாள் உள்ளே போகும்போது பன்னிரண்டுக்கு ஆறு நிமிடம் இருந்தது. அக்கா நானாவைக் கும்பிட்டு, என்ன பழுது என்று கேட்டார். நானா என் முகத்தைப் பார்க்கவே இல்லை.

"வயர் லூஸ், வேற ஒன்டும் இல்ல," என்றார்.

பத்து நாள் கழித்து அந்தப் பிள்ளையே கடைக்கு வந்தாள், புது அட்டைக்கு எழுதிப்போட. படத்தில் இருந்ததைவிட மெலிந்திருந்தாள்.

"பன்னெண்டுக்கு முந்தியே வேன் வந்துருச்சுக்கா. பேரு கூப்புட்டுக் கூப்புட்டு ஏத்துனாங்க. நான் ஒரு கால தூக்கிப் படியில வச்சிட்டேன். அப்பதான் ஒருத்தரு பேப்பர் வந்துருச்சுன்னு கத்துனாரு. எனக்கு முன்னாடி ஏறுன புள்ள திரும்பிப் பாத்துச்சு."

"அந்தப் பிள்ளைக்கு என்ன ஆச்சு?"

"தெரியலக்கா." பிறகு மொனிட்டரைத் தடவிக்கொடுத்துக்கொண்டே கேட்டாள். "அம்மா சொன்னாங்க, இது சரியா அன்னைக்கின்னு பாத்து மக்கர் பண்ணுச்சாமே. என்னக்கா ஆச்சு இதுக்கு?"

இரண்டு மணி நேரம் அவளை அங்கே கூடுதலாக நிற்க வைத்தது என் விரலும் என் வாயும்தான்.

"வயர் லூஸ்," என்றேன்.