யாரும் கூப்பிடாத அறை

ஒழுகும் மொட்டை மாடி, பெயர்ந்து வரும் டைல்ஸ், சேறாக வரும் போர்வெல் தண்ணீர், இவைதான் என் வக்கீல் வாழ்க்கையின் பெரிய வழக்குகள். திருவனந்தபுரத்தில் கன்ஸ்யூமர் கோர்ட்டு ஓர் இடத்தைப் பார்த்து வர ஆள் அனுப்ப வேண்டுமென்றால், ஹாலில் சும்மா உட்கார்ந்திருக்கும் வக்கீலைத்தான் தேடும். சும்மா உட்கார்ந்திருப்பதில் என்னை மிஞ்ச அங்கே ஆள் கிடையாது. இதற்குக் கமிஷன் போவது என்று பெயர். போய்ப் பார்த்து, அளந்து, எந்தப் பக்கமும் சாயாமல் ரிப்போர்ட் எழுதித் தர வேண்டும். என் கைப்பையில் பவுடர் டப்பா இருக்காது, இஞ்சு டேப் இருக்கும்.

கூடவே எனக்கு ஒரு கொள்கையும் உண்டு. பெண்களுக்கென்று தனியாக எதுவும் கூடாது என்பது. பஸ்ஸில் ஸ்த்ரீகள் சீட்டு காலியாக இருந்தாலும் உட்கார மாட்டேன், கம்பியைப் பிடித்துக்கொண்டு சமத்துவமாக நிற்பேன். முழங்கால் வலிக்கிற நாட்களில் மட்டும் கொள்கைக்கு லீவு. மகளிர் தினத்துக்கு என்னைப் பேசக் கூப்பிட்டால், தனி அறை என்பது மரியாதையாகப் போட்ட பூட்டு என்று வருஷா வருஷம் ஒரே வாக்கியத்தைச் சொல்லிக் கைதட்டல் வாங்கிவிடுவேன். அப்படியானால் பகவதி கோயில் பொங்காலை அன்று ஊர் முழுக்கப் பெண்கள் அடுப்பு மூட்டி உட்கார்ந்திருக்க, ஆண்கள் மோர் விளம்பிக்கொண்டு ஓரமாக நிற்கிறார்களே என்று ஒரு ஜூனியர் பையன் கேட்டான். அது வேறு விஷயம் என்றேன். அங்கே என் அடுப்பும் இருக்கும் என்பதைச் சொல்லவில்லை.

இந்தக் கொள்கைக்குச் சோதனை வலியசாலையிலிருந்து வந்தது. ஆடிட் ஆபீசில் அதிகாரியாக இருந்து ரிட்டயர் ஆன ஒருவர் தன் மனைவியோடு ஒரு கலைக் கண்காட்சிக்குப் போயிருக்கிறார். பழைய பங்களா ஒன்றைத் தனியார் வாடகைக்கு எடுத்து நடத்தும் காட்சி. இருவருக்கும் ஒரே விலையில் டிக்கெட். கடைசி அறையின் வாசலில் ஒரு திரை, பக்கத்தில் 'பெண்கள் மட்டும்' என்று பலகை. மனைவி உள்ளே போய்விட்டார். கணவரை நிறுத்திவிட்டார்கள். அந்த அறைதான் அங்கே ஒரு பெண் கலைஞரின் படைப்பு, அதற்குள் ஆண்கள் வரக் கூடாது என்பது படைப்பின் ஒரு பகுதி என்று விளக்கம் சொன்னார்களாம். முழு டிக்கெட்டுக்கு முக்கால் காட்சியா என்று அவர் புகார் எழுதிக் கொடுத்துவிட்டார். வக்கீல் வைத்துக்கொள்ளவில்லை, தானே வாதாடினார்.

மோசமாகவும் வாதாடவில்லை. பொது இடங்களில் ஆண் பெண் என்று பார்த்து யாரையும் தடுக்கக் கூடாது என்று அரசியல் சட்டத்திலேயே இருக்கிறது என்றார். அதே பிரிவில் கொஞ்சம் கீழே, பெண்களுக்குத் தனி ஏற்பாடு செய்யலாம் என்றும் இருக்கிறதே என்றார் கலைஞருக்கும் காட்சி நடத்தியவர்களுக்குமாக வந்த எதிர்த்தரப்பு வக்கீல். அது அரசாங்கம் செய்வதற்கு, உங்கள் பங்களாவுக்கு இல்லை என்று இவர் மடக்கினார். வக்கீல் கடைசி அஸ்திரத்தை எடுத்தார். வாசலில் தடுக்கப்படுவதுதான் ஆண்களுக்கான கலை அனுபவம், ஆகவே புகார்க்காரருக்குக் காசுக்கு உரியது கிடைத்துவிட்டது என்றார். ஆடிட்காரர் முகம் போன போக்கைப் பார்த்து எனக்கே பாவமாக இருந்தது.

வழக்கு முடியும்வரை அறையை எல்லோருக்கும் திறந்துவிட வேண்டும் என்று அவர் இடைக்கால மனு போட்டிருந்தார். முதலில் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டும் என்றார் கோர்ட்டின் தலைவர். அவரும் ஆண், போய்ப் பார்க்க முடியாது. ஹாலைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தார். அன்றைக்குச் சேலை கட்டிச் சும்மா உட்கார்ந்திருந்தது நான் ஒருத்திதான்.

இடத்தைப் பார்க்கும்போது இரண்டு தரப்பும் கூட இருக்கலாம் என்பது வழக்கம். அதனால் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அந்தத் திரைக்கு முன்னால் ஒரு கூட்டமே நின்றது. புகார்க்காரர், கலைஞரின் வக்கீல், அந்த வக்கீலின் ஜூனியர். தன் கட்சிக்காரரின் படைப்பை அந்த வக்கீலும் பார்த்ததில்லை. கலைஞர் வித்துராவிலிருந்து வந்த இளம்பெண். செல்போனைக் கூடையில் போட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும் என்றாள். நான் கோர்ட்டு அனுப்பிய ஆள் என்றேன். அவள் கூடையைக் காட்டினாள். போட்டுவிட்டு உள்ளே போனேன்.

"மேடம், நாற்காலி எத்தனை?" திரைக்கு வெளியிலிருந்து ஆடிட்காரரின் குரல் வந்தது.

"ஆறு."

"எதுல பண்ணினது?"

"பிரம்பு. சாய்வு நாற்காலி."

"சுவத்துல படம் உண்டோ?"

"இல்லை."

"பின்னே என்னதான் இருக்கு?"

"ஃபேன் இருக்கு. குடிக்க மண்கூஜால ஜீரக வெள்ளம் இருக்கு."

உள்ளே ஏற்கெனவே இரண்டு பெண்கள் இருந்தார்கள். ஒருத்தி கண்ணைத் திறந்து, உதட்டில் விரல் வைத்து, சுவரைக் காட்டினாள். அங்கே சின்னதாக ஒரு பலகை. 'இங்கே உங்களை யாரும் கூப்பிட மாட்டார்கள்' என்று மலையாளத்தில் எழுதியிருந்தது. கலைஞர் வெளியே போய், நீங்கள் படைப்பைக் கெடுக்கிறீர்கள் என்று ஆண்களை விரட்டினாள். வக்கீல்கள் சாயா குடிக்கப் போனார்கள். அதன்பின் சத்தமே இல்லை.

நீளம் அகலம் அளந்தேன். ஜன்னலுக்குப் பச்சைத் துணி போட்டிருப்பதைக் குறித்தேன். மிச்சத்தை எழுதுவதற்காக ஒரு நாற்காலியில் உட்கார்ந்தேன்.

இங்கே என் வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். கரமனையில் இருக்கும் எங்கள் வீட்டில் என் பெயர் 'கேட்டியா'. கேட்டியா, என் கண்ணாடி எங்கே. கேட்டியா, கேஸ் சிலிண்டர்காரன் வந்திருக்கான். என் கணவர் பாங்கு வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் இந்தப் பெயர் இன்னும் புழக்கத்துக்கு வந்தது. பரீட்சைக்குப் படிக்கிறேன் என்று வீட்டிலேயே இருக்கும் மகன் மலையாளத்தில், அம்மே, சார்ஜர் எவிடே என்பான். இரண்டு பேரும் நல்லவர்கள். கெட்டவர்களாக இருந்தால் கோபித்துக்கொண்டாவது உட்காரலாம். பகலில் நான் கண்ணை மூடி எத்தனை வருஷம் ஆயிற்று என்று எனக்கே தெரியாது.

அந்தப் பிரம்பு நாற்காலியில் தூங்கிப்போனேன். கோர்ட்டு நியமித்த கமிஷனர், மடியில் டேப்போடு, வாயைத் திறந்துகொண்டு தூங்கியிருக்கிறேன். விழித்தபோது சாயங்கால வெயிலில் பச்சைத் துணி மஞ்சளாகத் தெரிந்தது. பக்கத்து நாற்காலிப் பெண் என் கையிலிருந்து விழுந்த பேனாவை எடுத்துக் கூஜா பக்கத்தில் வைத்திருந்தாள். ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவ்வளவு சந்தோஷமாக நான் சமீபத்தில் எங்கேயும் இருந்ததில்லை. அதை நினைத்ததும் என் கொள்கை ஞாபகம் வந்து, அவசரமாக எழுந்து வெளியே வந்தேன்.

படிக்கட்டில் ஆடிட்காரர் மட்டும் உட்கார்ந்திருந்தார். என் முகத்தையே உற்றுப் பார்த்தார். இந்த வயதில் இதென்ன பார்வை என்று முறைத்துவிட்டு பஸ் பிடிக்கப் போனேன்.

ரிப்போர்ட் எழுத உட்கார்ந்தபோதுதான் மாட்டிக்கொண்டது புரிந்தது. அந்த அறை எவ்வளவு அருமையானது என்று உண்மையை எழுதினால், புகார்க்காரருக்கு அருமையான ஒன்று மறுக்கப்பட்டது என்று ஆகிவிடும். அறையைத் திறந்துவிடச் சொல்வார்கள். மறுநாளே அங்கே ஒருவர் காலை நீட்டிக்கொண்டு நியூஸ் கேட்பார். அறை பிழைக்க வேண்டுமானால் அதில் ஒன்றும் இல்லை என்று எழுத வேண்டும். தனி அறையே கூடாது என்று ஊரெல்லாம் பேசியவள், ஓர் அறையைக் காப்பாற்றுவதற்காகப் பொய்க்குப் பக்கத்தில் போய் நின்றேன். 'ஆறு நாற்காலிகள், ஒரு மின்விசிறி, ஒரு கூஜா. காணத்தக்கதாக வேறெதுவும் இல்லை' என்று எழுதினேன். ஒவ்வொரு சொல்லும் சரி. மொத்தத்தில் அயோக்கியத்தனம்.

கலைஞருக்கோ என் மேல் கோபம். ஒழுகும் கக்கூசைக் கூட இதைவிட மரியாதையாக எழுதியிருப்பீர்கள் என்றாள். உண்மைதான், அந்த வகை ரிப்போர்ட்டில் எனக்கு நல்ல பயிற்சி உண்டு.

விசாரணை அன்று ரிப்போர்ட்டைப் பற்றிக் கேள்வி கேட்கவேண்டும் என்று ஆடிட்காரர் என்னைக் கூண்டில் ஏற்றிவிட்டார். சத்தியம் வாங்கினார்கள். மலையாளத்தில்தான் ஆரம்பித்தார். காணத்தக்கதாக எதுவும் இல்லை என்று எழுதியது நீங்கள்தானா என்றார். ஆமாம் என்றேன். எவ்வளவு நேரம் உள்ளே இருந்தீர்கள் என்றார். தேவையான நேரம் என்றேன். இந்தப் பதிலை நான் கண்ணாடி முன் ஒத்திகை பார்த்திருந்தேன்.

அவர் சட்டென்று தமிழுக்கு வந்துவிட்டார். "மத்தவா எல்லாம் சாயா குடிச்சுட்டு ஆத்துக்கே போயாச்சு. நான் படியிலேதான் உக்காந்திருந்தேன். ஒண்ணும் இல்லாத ரூம்ல சாயங்காலம் வரைக்கும் என்ன பண்ணிண்டிருந்தேள்?"

ஃபேன் சரியாகச் சுற்றுகிறதா என்று சோதித்தேன் என்று சொல்லிவிடலாமா என ஒரு கணம் யோசித்தேன். பிறகு, "தூங்கிட்டேன்" என்றேன்.

ஹால் முழுக்கச் சிரித்தது. என் ரிப்போர்ட்டுகளைத் திட்டியே பிழைக்கும் பில்டர்களின் வக்கீல் ஒருவர் மேஜையைத் தட்டிச் சிரித்தார். தலைவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"உறங்கியோ?"

"உறங்கினேன் சார்."

"வீட்டில் உறங்கக் கூடாதோ?"

"முடியாது சார். யாராவது கூப்பிடுவா."

சொல்லும்போது குரல் உடைந்துவிட்டது. எனக்கு என் மேலேயே எரிச்சலாக இருந்தது. டைல்ஸ் வழக்கில் கத்திக் கத்தி வளர்த்த குரல், இப்படியா காலை வாரும். சிரிப்பு நின்றுவிட்டது. பெஞ்சில் தலைவருக்குப் பக்கத்தில் இருந்த பெண் உறுப்பினர் முதலிலிருந்தே சிரிக்கவில்லை என்பதை அப்போதுதான் கவனித்தேன்.

ஆடிட்காரர் கையிலிருந்த காகிதங்களை மேஜையில் வைத்தார். "அப்போ அது பிரம்போட தடம்தானாக்கும்" என்றார்.

யாருக்கும் புரியவில்லை. அவரே சொன்னார். "நீங்க வெளியிலே வரச்சே கன்னத்துல கட்டம் கட்டமா ஒரு அடையாளம் இருந்தது. அதைத்தான் பார்த்துண்டிருந்தேன். என் ஆத்துக்காரி அங்கே போயிட்டு வரச்சே எல்லாம் அவ கன்னத்துலயும் அதே அடையாளம் உண்டு. அன்னிக்கு என்னோட போனதோட நிக்கலை, தனியா பஸ் பிடிச்சு மறுபடியும் மறுபடியும் போறா. என்னன்னு கேட்டா ஒண்ணுமில்லைங்கறா. இத்தனை வருஷமா அந்த மொகத்தைப் பார்த்துண்டிருக்கேன், இப்படி ஒண்ணு நான் கண்டதில்லை. உள்ளே அவாளை என்னவோ பண்றான்னு பயந்துட்டேன். அதுக்குத்தான் இந்தக் கேஸ்." மேஜையிலிருந்த காகிதங்களை எடுத்து மடித்தார். "தூக்கம்தானா. தூங்கட்டும்."

அறையைத் திறக்கக் கேட்ட மனுவை வலியுறுத்தவில்லை என்று சொல்லிவிட்டார். டிக்கெட் விலை விஷயத்தை மட்டும் விடமாட்டேன் என்றார். ஆடிட் ஆபீஸ் ரத்தம்.

வராந்தாவில் என்னிடம் வந்து மன்னிப்புக் கேட்டார். "சபையிலே வெச்சு அப்படிக் கேட்டிருக்கப்படாது. அன்னிக்கு அந்தக் கன்னத்தோட போனேளே, உங்க ஆத்துலயும் பயந்து போயிருப்பாளே?"

"ஆமா, ரொம்பப் பயந்துட்டா" என்றேன்.

பஸ் ஸ்டாப் வரை அந்தப் பொய் கூடவே வந்தது. அறையில் தூங்கிய அன்று சாயங்காலம் நான் வீட்டுக்குப் போனதும் கணவர், கேட்டியா, காப்பிப்பொடி தீர்ந்துபோச்சு என்றார். மகன் செல்போனிலிருந்து தலை தூக்கவில்லை. கன்னத்தில் கட்டம் போட்டுக்கொண்டு நான் காப்பிப்பொடி வாங்கப் போயிருக்கிறேன், கடைக்காரர் உள்பட ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. புகார்க்காரரின் மனைவி மேல் எனக்குப் பொறாமையாக இருந்தது. இருட்டில் யாரும் பார்த்திருக்க முடியாது என்று என் கட்சிக்கு நானே வாதாடிப் பார்த்தேன். எங்கள் வீட்டு ட்யூப் லைட் நல்ல வெளிச்சம்.

அடுத்த சனிக்கிழமை முழு விலை கொடுத்து டிக்கெட் வாங்கி அந்த அறைக்குப் போனேன். தூங்கினேன். இந்தத் தடவை கன்னத்தை நாற்காலிப் பின்னலில் நன்றாக அழுத்தி வைத்துக்கொண்டு தூங்கினேன். தடம் கலைவதற்குள் வீடு போய்ச் சேர வேண்டும் என்று பஸ்ஸில் ஓடி ஏறி, ஸ்த்ரீகள் சீட்டில், கன்னத்தில் கை படாமல் உட்கார்ந்துகொண்டேன். சமத்துவத்தை அன்றைக்கு யாராவது எனக்குப் பதிலாக நின்று காப்பாற்றட்டும்.

கணவர் டிவி முன்னால் இருந்தார். ட்யூப் லைட்டுக்கு நேர் கீழே ஸ்டூலைப் போட்டு, அந்தக் கன்னம் அவர் பக்கம் தெரியும்படி உட்கார்ந்தேன். அவர் திரும்பினார். என் முகத்தை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தார். இந்த வயதில் எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது, சொன்னால் வெட்கக்கேடு.

"கேட்டியா" என்றார். "அந்த ரிமோட்டு உனக்குப் பின்னால இருக்கா பாரு."

இருந்தது. எடுத்துக் கொடுத்தேன்.